இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு: கத்தியில் தட்டுப்பட்டதில் இருந்து ஸ்கேனில் எண்ணியது வரை

1/ திருப்பூர் வடக்குல, நெருப்பெரிச்சல், பூலுவப்பட்டி பக்கத்து மக்கள்கிட்ட இருந்து இப்போ அடிக்கடி வர்ற கேள்வி இது: "டாக்டருங்க, ஹார்ட்ல கால்சியம் ஸ்கோர்னு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. எக்கோ எடுத்தாச்சு, டிரெட்மில்லும் ஓடியாச்சு, ரெண்டும் நார்மல்தானுங்க. இதையும் எடுக்கணுமுங்களா? எதுதானுங்க சரியான டெஸ்ட்டு?"

2/ ஒரே வரியில பதில் சொல்லலாம்: சிலருக்கு ரொம்பப் பயன்படும், சிலருக்கு வீண் செலவு, சிலருக்கு ஆபத்தான நிம்மதி. நீங்க எந்தப் பக்கம்னு தெரியணும்னா இந்த ஸ்கேன் வந்த கதை தெரியணும். ஏன்னா ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் தேடி வந்தது. ஒரு கேள்விக்கான பதிலை எடுத்து இன்னொரு கேள்விக்குப் போடுறதுலதான் குழப்பமே. கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு உட்காருங்க.

3/ முதல்ல, இந்தக் கால்சியம் எங்கிருந்து வருது? இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய்களுக்கு கரோனரி தமனிகள்னு பேரு. அதோட சுவருக்குள்ள கொழுப்பு சேருது. உடம்பு அதை எதிரியா நினைச்சுச் சண்டை போடுது, வீக்கம் வருது, செல்கள் சாகுது. வருஷக்கணக்கா நடக்கிற இந்தச் சண்டையில கடைசியா படியிறதுதான் சுண்ணாம்பு. கொழுப்பும் வீக்கமும் நெருப்புன்னா, கால்சியம் அதோட சாம்பல். இந்த ஒரு உவமையை மட்டும் நினைவுல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் உதவும்.

4/ உடனே ஒரு கேள்வி வரும். "அப்போ பால், முட்டை, கீரையை நிறுத்திடலாமுங்களா?" வேண்டாம். இது சாப்பாட்டுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து நேராப் போய் ஒட்டிக்கிட்டது இல்ல. பாலை நிறுத்துறதால இது கரையவும் கரையாது. எலும்புக்குக் கால்சியம் மாத்திரை சாப்பிடுறவங்க அவங்க டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

5/ இப்போ கதைக்கு வருவோம். இதை முதல்ல கண்டுபிடிச்சது கண் இல்ல, கை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. நெஞ்சுவலியால் இறந்த ஒருத்தரோட இதயத்தை எட்வர்ட் ஜென்னர் அறுத்துப் பார்க்கிறார். ஆமா, அம்மைத் தடுப்பூசி கண்டுபிடிச்ச அதே ஜென்னர்தான். கத்தி திடீர்னு கடினமான ஏதோ ஒண்ணுல மோதி முனை மழுங்குது. கூரை பழசு, அதுல இருந்து காரை பெயர்ந்து விழுந்துடுச்சோன்னு மேல அண்ணாந்து பார்க்கிறார். கூரையில இருந்து ஒண்ணும் விழல. இதயத்தோட ரத்தக்குழாயே எலும்பு மாதிரி ஆகிக் கிடந்தது.

6/ ஜென்னரோட குருநாதர் ஜான் ஹன்டர், லண்டன்ல பெரிய அறுவை மருத்துவர். அவருக்கும் அதே மாதிரி நெஞ்சுவலி. குருவுக்கும் இதேதான்னு ஜென்னர் சந்தேகப்பட்டார், ஆனா அவர் முகத்துக்கு நேரா சொல்ல மனசு வரல. 1793 அக்டோபர் 16 அன்னைக்கு ஆஸ்பத்திரிக் கூட்டத்துல நடந்த வாக்குவாதத்துக்கு நடுவுல ஹன்டர் சரிஞ்சு விழுந்து இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தப்போ கரோனரி குழாய்கள் கெட்டிப்பட்டுக் கிடந்தது. ஜென்னரோட இந்த அனுபவங்களை கேலப் பாரி 1799-ல தன் புத்தகத்துல பதிவு பண்ணினார்.

7/ கவனிங்க. நெஞ்சுவலிக்கும் குழாயில இருக்கிற சுண்ணாம்புக்கும் தொடர்பு இருக்குன்னு 200 வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. ஆனா அதைப் பார்க்க ஆள் செத்திருக்கணும். அடுத்த 200 வருஷக் கதை முழுக்க ஒரே கேள்விதான்: உயிரோட இருக்கிறவர்கிட்ட, துடிச்சுக்கிட்டு இருக்கிற இதயத்துல, இதை எப்படிப் பார்க்கிறது?

8/ 1895 நவம்பர்ல ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். எலும்பு தெரியும்னா எலும்பு மாதிரி ஆன குழாயும் தெரியணுமே? தெரிஞ்சது. ஆனா அதுக்கு 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. உயிரோட இருக்கிற ஆளோட கரோனரி சுண்ணாம்பை எக்ஸ்ரேயில கண்டதா 1927-ல லெங்க் எழுதினார். நம்ம சென்னை பொது மருத்துவமனையில பர்னார்டு கதிரியக்கவியல் நிறுவனம் 1934-ல திறந்தாங்க. எக்ஸ்ரேக்குன்னு தனி நிறுவனம் வர்ற அளவுக்கு அந்தத் துறை வளர்ந்த காலம் அது.

9/ அடுத்த கட்டம் ஃபுளூரோஸ்கோபி. ஃபோட்டோ மாதிரி ஒரு படம் இல்ல, ஓடுற எக்ஸ்ரே. பேஷண்டைத் திரைக்குப் பின்னாடி நிக்க வச்சு, இருட்டு அறையில டாக்டர் உட்கார்ந்து துடிக்கிற இதயத்தையே பார்ப்பார். அந்தக் காலத்துத் திரை ரொம்ப மங்கல். அதனால முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி போட்டுக் கண்ணை இருட்டுக்குப் பழக்கிட்டுத்தான் உள்ளேயே போவாங்க.

10/ பனியன் கம்பெனிக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். துணி செக்கிங் மெஷின்ல கீழ லைட் போட்டுத் துணியை ஓட விட்டுப் பார்ப்பீங்கல்ல? பெரிய ஓட்டை, ஊசிக்கோடு தெரியும். சின்னச் சின்ன பால்ட் நழுவிடும். அதுவும் யார் பார்க்கிறாங்கங்கிறதைப் பொறுத்தது. ஃபுளூரோஸ்கோபியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிஞ்சா இருக்கு, தெரியலைன்னா இல்ல. எவ்வளவுன்னு அளக்க வழி இல்ல.

11/ ஆனாலும் அந்த மங்கலான திரையே ஒரு பெரிய உண்மையைச் சொன்னது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துல 800 பேரை வச்சு ஒரு ஆய்வு, 1980-ல வெளிவந்தது. ஃபுளூரோஸ்கோபியில கால்சியம் தெரியாதவங்கள்ல 5 வருஷம் கழிச்சு 87 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. தெரிஞ்சவங்கள்ல 58 சதவீதம்தான். இவங்க எல்லாருமே இதயநோய்ச் சந்தேகத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. அப்போ நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே, நல்லா நடமாடுறவங்ககிட்ட இதைப் பார்த்தா என்ன? அதுக்கு ஃபுளூரோஸ்கோபி பத்தாது.

12/ இதுக்கு நடுவுல சிடி ஸ்கேன் வந்தாச்சு. 1971 அக்டோபர் 1, லண்டன் பக்கம் விம்பிள்டன்ல அட்கின்சன் மோர்லி மருத்துவமனை. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கின மெஷின்ல முதல் நோயாளியோட மூளையைப் படம் எடுத்தாங்க. 1979-ல அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல். எது எவ்வளவு அடர்த்தின்னு எண்ணாச் சொல்றதுதான் சிடியோட பலம். தண்ணிக்கு 0, காத்துக்கு மைனஸ் 1000. அந்த அலகுக்கே ஹவுன்ஸ்ஃபீல்டு பேருதான்.

13/ ஆனா அந்த சிடிக்கு ஒரு வெட்டுப் படம் எடுக்கவே சில நிமிஷம் ஆகும். மூளை அசையாம இருக்கும், பிரச்சனை இல்ல. இதயம் நிமிஷத்துக்கு 70 தடவை துடிக்கும். கரோனரி குழாயோ சில மில்லிமீட்டர் தடிமன்தான், அதுவும் இதயத்து மேல ஒட்டிக்கிட்டுக் கூடவே குதிக்கும். ஓடுற ஓவர்லாக் மெஷினோட ஊசியை செல்போன்ல ஃபோட்டோ எடுத்துப் பாருங்க. ஊசி தெரியாது, ஒரு புகைதான் தெரியும். அதே கதை.

14/ வழி ரெண்டு. ஒண்ணு இதயத்தை நிறுத்தணும். முடியாது. இன்னொண்ணு, கேமராவை வேகமாக்கணும். சாதாரண சிடியில எக்ஸ்ரே குழாய் உங்களைச் சுத்தி வரணும்; கனமான பொருள், ஓரளவுக்கு மேல வேகமாச் சுத்த முடியாது. சான் பிரான்சிஸ்கோவில டக்ளஸ் பாய்ட்னு ஒரு இயற்பியலாளர் வேற மாதிரி யோசிச்சார். குழாயைச் சுத்தவே வேண்டாம். எலக்ட்ரான் கற்றையைக் காந்தத்தால வளைச்சு, பேஷண்டைச் சுத்தி இருக்கிற டங்ஸ்டன் வளையத்து மேல ஓட விடுவோம். பழைய டிவி பெட்டிக்குள்ள கற்றை ஓடுற மாதிரி.

15/ அதுதான் எலக்ட்ரான் பீம் சிடி. 1980-களில் இமாட்ரான் கம்பெனி செஞ்சு வித்தது. ஒரு படத்துக்கு ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு நேரம் போதும். ஈசிஜியோட இணைச்சு, ரெண்டு துடிப்புக்கு நடுவுல இதயம் ஓய்வா இருக்கிற கணத்துல 'க்ளிக்'. முதல் முறையா துடிக்கிற இதயம் படத்துல அசையாம நின்னது.

16/ இந்த மெஷின் மயாமி பீச்ல மவுன்ட் சினாய் மருத்துவ மையத்துல இருந்தது. அங்க இதய மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டனும் ரேடியாலஜிஸ்ட் வாரன் ஜானோவிட்ஸும் சேர்ந்து 584 பேரை ஸ்கேன் பண்ணி 1990-ல கட்டுரை வெளியிட்டாங்க. அதுல 50 பேருக்கு ஃபுளூரோஸ்கோபி, புது சிடி ரெண்டுமே எடுத்து நேருக்கு நேர் ஒப்பிட்டாங்க. ஃபுளூரோஸ்கோபி 52 சதவீதம் பேர்கிட்ட கால்சியத்தைக் கண்டது. புது சிடி 90 சதவீதம். பழைய முறைக்கு அன்னைக்கே மங்களம் பாடியாச்சு. (இதே அகாட்ஸ்டன்தான் பின்னாடி 'சவுத் பீச் டயட்' புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவர்.)

17/ அதைவிட முக்கியம், அவங்க கொடுத்த அளவுகோல். இன்னைக்கு உங்க ரிப்போர்ட்ல வர்ற 'அகாட்ஸ்டன் ஸ்கோர்' அதுதான். கணக்கு சிம்பிள். 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல பளிச்னு தெரியற ஒவ்வொரு புள்ளியோட பரப்பளவை எடுக்கணும். அதை அடர்த்திக்கு ஏத்த எண்ணால பெருக்கணும்: 130 முதல் 199 வரை 1, 200 முதல் 299 வரை 2, 300 முதல் 399 வரை 3, 400-க்கு மேல 4. எல்லாத்தையும் கூட்டினா ஸ்கோர்.

18/ உதாரணம்: ஒரு புள்ளி 4 சதுர மில்லிமீட்டர், உச்ச அடர்த்தி 250. 4 பெருக்கல் 2, அது 8. இன்னொண்ணு 10 சதுர மில்லிமீட்டர், அடர்த்தி 420. 10 பெருக்கல் 4, அது 40. மொத்தம் 48. துணிக்கு எத்தனை மீட்டர்னு மட்டும் பார்க்காம ஜிஎஸ்எம்மும் சேர்த்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. பொதுவா 0 என்றால் கால்சியம் இல்ல, 1 முதல் 99 வரை லேசு, 100 முதல் 399 வரை நடுத்தரம், 400-க்கு மேல அதிகம்னு பிரிப்பாங்க.

19/ 1990-கள்ல அமெரிக்காவில 'ஹார்ட் ஸ்கேன் சென்டர்'கள் முளைச்சது. விளம்பரம் பார்த்துட்டு மக்கள் நேராவே போய் எடுத்தாங்க, டாக்டர் சீட்டே தேவையில்ல. அறிகுறி இல்லாத எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாதுன்னு அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2000-ல சொன்னாங்க. டெஸ்ட் சந்தைக்கு முதல்ல வந்துடுச்சு; யாருக்குன்னு ஆராய்ச்சி பின்னாடி வந்தது. இன்னைக்கு நம்ம ஊர் 'மாஸ்டர் செக்கப்' நோட்டீஸ்கள் எனக்கு அந்தக் காலத்தைத்தான் நினைவுபடுத்துது.

20/ அதே சமயத்துல எலக்ட்ரான் பீமுக்குப் போட்டி வந்தது. 1998-ல ஒரே சுத்துல 4 வெட்டுப் படம் எடுக்கிற சிடி, அரை நொடியில ஒரு சுத்து. அப்புறம் 16, 64. 2005-ல ரெண்டு எக்ஸ்ரே குழாய் வச்ச மெஷின், ஒரு படத்துக்கு 83 மில்லிசெகண்ட். எலக்ட்ரான் பீம் மெஷின் விலை அதிகம், இதயத்தைத் தாண்டி வேலை குறைவு. புது சிடி தலை, வயிறு, நெஞ்சு எல்லாம் பார்க்கும். 2001-ல ஜிஇ கம்பெனி இமாட்ரானை வாங்கினது. கொஞ்ச வருஷத்துல அந்த மெஷின் வரலாறாப் போச்சு.

21/ ஆனா வேடிக்கை பாருங்க. மெஷின் போச்சு, அளவுகோல் நின்னுடுச்சு. எவ்வளவு மெல்லிசா வெட்டிப் பார்க்கிற மெஷின் வந்தாலும், கால்சியம் ஸ்கோருக்குன்னா பழைய எலக்ட்ரான் பீமோட கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தடிமனுக்கே அதை மாத்தி வைக்கிறோம். திருப்பூர்ல கம்ப்யூட்டர் மெஷின் வந்தும் கணக்கு டஜன்லயே ஓடுதே, அது மாதிரி. காரணம் இருக்கு: பல ஆயிரம் பேரோட பழைய முடிவுகள் அந்த அளவுலதான் இருக்கு. அளவை மாத்தினா ஒப்பிட ஆளே இருக்க மாட்டாங்க. பழைய மெஷின், புது மெஷின் ரெண்டையுமே பயன்படுத்தின ஒரு பெரிய ஆய்வுல ரெண்டும் ஏறக்குறைய ஒரே நம்பகத்தன்மையோட அளந்ததும் தெரிஞ்சது.

22/ அந்த ஆய்வு பேரு மெசா. 2000-ல ஆரம்பம். அமெரிக்காவின் 6 இடங்கள், 45 முதல் 84 வயசு வரை 6,814 பேர், யாருக்கும் அப்போ இதயநோய் தெரியாது. ஸ்கேன் எடுத்துட்டு வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாங்க. 2008-ல முடிவு: ஸ்கோர் 0 இருந்தவங்களை விட, 101 முதல் 300 வரை இருந்தவங்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நிகழ்வு 7 மடங்குக்கு மேல. 300-க்கு மேல இருந்தவங்களுக்கு 9 மடங்குக்கு மேல. சர்க்கரை, பிரஷர், புகை, கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்னது.

23/ நல்ல ஆய்வு. ஆனா அதுல யார் இருந்தாங்க? வெள்ளையர், கருப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர். நம்ம ஆளுங்க இல்ல. 'உங்க வயசுக்கு இந்த ஸ்கோர் இத்தனாவது சதவீதம்'னு ரிப்போர்ட்ல வர்ற அட்டவணை பெரும்பாலும் இந்த மெசா அட்டவணைதான். அடுத்தவன் உடம்புக்கு அளவெடுத்த சட்டையை நாம போட்டுப் பார்க்கிறோம். ஓரளவு பொருந்தும். முழுசாப் பொருந்துதான்னு கேட்கணும்.

24/ அந்தக் கேள்வியோட வந்ததுதான் மசாலா ஆய்வு. ஆமா, பேரே அதுதான். 2010-ல இருந்து சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகள்ல வாழற தெற்காசிய வம்சாவளியினர் 906 பேர். அல்கா கனயா, நம்ரதா கந்துலா இருவரும் தலைமை. முடிவு: தெற்காசிய ஆண்களோட கால்சியம் வெள்ளைக்கார ஆண்களுக்குச் சமம், மெசாவில இருந்த மற்ற மூணு இனத்து ஆண்களை விட அதிகம். நம்ம ஆளுங்களை அளந்த முக்கியமான ஆய்வு இது. ஆனாலும் அவங்க அமெரிக்காவில வாழறவங்க. நெருப்பெரிச்சல்ல ஒண்ணரை ஷிப்ட் பார்க்கிற டெய்லரையும், சாயப்பட்டறையில நிக்கிறவரையும் யாரும் இந்த அளவுக்கு அளக்கல.

25/ இன்னொரு எண் முக்கியம். 52 நாடுகளை உள்ளடக்கின இன்டர்ஹார்ட் ஆய்வுல, முதல் மாரடைப்பு வந்த சராசரி வயசு தெற்காசியர்களுக்கு 53, மற்றவங்களுக்கு 58.8. நமக்கு ஏறக்குறைய 6 வருஷம் முன்னாடியே வருது. இது இந்த ஸ்கேனுக்கு ஏன் முக்கியம்? சாம்பல் சேர வருஷம் ஆகும். நெருப்பு நேத்துதான் பத்திக்கிச்சுன்னா சாம்பல் இருக்காது. 35 வயசுல, பீடி பழக்கத்தோட, சர்க்கரையோட ஒருத்தர் ஸ்கோர் 0 வாங்கலாம். அவர் குழாய்ல சுண்ணாம்பு ஏறாத மெதுவான கொழுப்புக் கட்டி இருக்கலாம். வெடிச்சா அதுவும் மாரடைப்புதான்.

26/ எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கு. டிம் ரஸ்ஸர்ட், அமெரிக்காவின் பிரபல டிவி செய்தியாளர். 1998-ல அவரோட கால்சியம் ஸ்கோர் 210. 2008 ஏப்ரல்ல டிரெட்மில் டெஸ்ட் நார்மல். ஜூன் 13 அன்னைக்கு வேலை செய்யற இடத்துலயே மாரடைப்பு, 58 வயசுல மரணம். ரெண்டு டெஸ்ட்டும் பொய் சொல்லல. டிரெட்மில் கேட்ட கேள்வி 'இன்னைக்கு ரத்த ஓட்டம் தடைபடுதா?' கால்சியம் கேட்ட கேள்வி 'குழாய்ல நோய் இருக்கா?' நோய் இருந்தும் ஓட்டம் தடைபடாம இருக்கலாம், கட்டி வெடிக்கிற வரைக்கும்.

27/ இப்போ முதல் கேள்விக்கு வருவோம், எது எதைப் பார்க்கும்?
• எக்கோ: தசை, வால்வு, பம்ப் பண்ணும் பலம். கரோனரி அடைப்பை நேரா பார்க்காது.
• டிரெட்மில்: ஓடும்போது ரத்தம் பத்தலையான்னு பார்க்கும். சின்ன அடைப்புகள் தெரியாது.
• கால்சியம் ஸ்கேன்: பழைய நோயோட சாம்பல். எந்த இடத்துல எவ்வளவு அடைப்புன்னு சொல்லாது.
• சிடி ஆஞ்சியோ: ஊசியில மருந்து ஏத்தி, குழாய்க்குள்ள இருக்கிற வழியையும் சுண்ணாம்பு இல்லாத கட்டியையும் பார்க்கும்.

28/ கால்சியம் ஸ்கேனுக்கு ஊசி கிடையாது. மூச்சை அடக்கினா சில நொடி, மொத்தம் சில நிமிஷ வேலை. கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவெர்ட். ஒரு வருஷத்துல இயற்கையா நமக்குக் கிடைக்கிறது உலக சராசரியா 2.4. பயப்படற அளவு இல்ல, ஆனா வருஷா வருஷம் எடுக்கிற விளையாட்டும் இல்ல. கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது.

29/ ஒரு புதிர். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்டா கால்சியம் ஸ்கோர் குறையாது. பல பேருக்குக் கொஞ்சம் ஏறும்! மாத்திரை கெடுதல்னு அர்த்தமா? இல்ல. மெதுவான, வெடிக்கிற மாதிரி இருந்த கட்டி, கெட்டியா இறுகுது. நெருப்பு அணைஞ்சு சாம்பல் கெட்டிப்படற மாதிரி. 2014-ல மெசா ஆய்வே இதைச் சொன்னது: ஒரே அளவு கால்சியத்துல அடர்த்தி கூடினவங்களுக்கு ஆபத்து குறைவு. ஆனா அகாட்ஸ்டன் கணக்குல அடர்த்தி கூடினா ஸ்கோர் ஏறும். 1990 அளவுகோலோட பலவீனம் இது. அதனால மாத்திரை ஆரம்பிச்சவங்க 'ஸ்கோர் குறைஞ்சுதா'ன்னு மறுபடி மறுபடி எடுக்கிறதுல அர்த்தமே இல்ல.

30/ பொலிவியா காட்டுல சிமானே பழங்குடி மக்கள் இருக்காங்க. 705 பேருக்கு சிடி எடுத்து 2017-ல வெளியிட்டாங்க. 85 சதவீதம் பேருக்கு ஸ்கோர் 0. நாள் முழுக்க நடை, வேட்டை, விவசாயம், கொலஸ்ட்ரால் குறைவு, புகை அரிது. வயசானா சுண்ணாம்பு ஏறித்தான் ஆகணும்னு விதி இல்லைங்கிறதுக்கு இது சாட்சி. நாம காட்டுக்குப் போக வேண்டாம். 12 மணி நேரம் மெஷின்ல உட்கார்ந்து, நடுவுல டீயும் போண்டாவும் பீடியும்தான் இடைவேளைங்கிறதை மாத்தினாலே போதும்.

31/ சரி, எல்லாருக்கும் எடுத்தா உயிர் காக்குமா? டென்மார்க்ல 65 முதல் 74 வயசு ஆண்கள் 46,000-க்கு மேற்பட்டவங்களை வச்சுப் பார்த்தாங்க. ஒரு பகுதியினரைக் கால்சியம் சிடி உட்படப் பல பரிசோதனைகளுக்கு அழைச்சாங்க. 5 வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்தும் மொத்த மரணத்துல உறுதியாச் சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல. 2022-ல வந்த முடிவு. 2018-ல அமெரிக்க அரசு நியமிச்ச தடுப்புப் பணிக்குழுவும் 'ஆதாரம் போதாது'ன்னுதான் சொன்னது. அதே வருஷம் இதய மருத்துவ அமைப்புகள் 'சந்தேகம் இருக்கிற ஆளுக்கு எடுக்கலாம்'னாங்க. ரெண்டும் முரண் இல்ல. ஊருக்கே வேண்டாம், தேவையான ஆளுக்கு எடுங்க. அவ்வளவுதான்.

32/ யாருக்குப் பயன்?
40 வயசுக்கு மேல, அறிகுறி எதுவும் இல்ல, ஆபத்து நடுத்தரம், 'வாழ்நாள் முழுக்க ஸ்டேட்டின் வேணுமா'ன்னு டாக்டருக்கும் உங்களுக்கும் தயக்கம். அப்போ இந்த ஸ்கேன் தராசு முள்ளைச் சாய்க்கும். 0 வந்தா, சர்க்கரை, புகை, குடும்பத்துல இளவயசு மாரடைப்பு இல்லாதவங்க மாத்திரையைத் தள்ளிப் போடலாம். 100-க்கு மேல வந்தா தயக்கத்துக்கு இடமில்ல. நடுவுல வந்தா, குறிப்பா 55 தாண்டினவங்களுக்கு, மாத்திரை பக்கம்தான் சாயணும்.

33/ யாருக்கு வேண்டாம்?
• ஏற்கெனவே மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் ஆனவங்க. நோய் இருக்குன்னு தெரிஞ்சாச்சு.
• 40 தாண்டின சர்க்கரைக்காரங்க, கெட்ட கொலஸ்ட்ரால் 190-க்கு மேல இருக்கிறவங்க. ஸ்கோர் என்ன வந்தாலும் மாத்திரை வேணும்.
• 20, 30 வயசுல இருக்கிறவங்க. 0 வந்து பொய்யான தைரியம் கொடுக்கும்.
• முக்கியமா, நெஞ்சுவலி இருக்கிறவங்க.

34/ கடைசி வரி மேல அழுத்தம். "நெஞ்செரிச்சல்தானுங்க டாக்டர், கேஸ் ட்ரபுள், சோடா குடிச்சேன்"னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்றவங்க நம்ம பகுதியில நிறைய. நடக்கும்போது வர்ற அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுற வலி, வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தா ஸ்கேன் சென்டர் வேண்டாம். 108-ஐ கூப்பிடுங்க, உடனே ஈசிஜி. 2023-ல தொடங்கின 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் மாத்திரைகள் கொடுக்க ஏற்பாடு இருக்கு. ஷிப்ட் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. சூப்பர்வைசர்களே, ஆளை அனுப்பி வைங்க.

35/ ஒரு செலவில்லாத யோசனை. கொரோனா காலத்துல நெஞ்சுக்கு சிடி எடுத்தீங்களா? அந்தப் படத்துலயே இதயக் குழாய் சுண்ணாம்பு தெரிய வாய்ப்பிருக்கு. ஈசிஜியோட இணைக்காத படம்ங்கிறதால துல்லியமான ஸ்கோர் வராது. ஆனா லேசா, நடுத்தரமா, அதிகமான்னு ரேடியாலஜிஸ்ட் சொல்லலாம். பீரோவுல இருக்கிற அந்த சிடி தட்டையும் ரிப்போர்ட்டையும் அடுத்த தடவை டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. புது ஸ்கேன் செலவு மிச்சமாகலாம்.

36/ ஜென்னரோட கத்தி, இருட்டறைத் திரை, எலக்ட்ரான் கற்றை, இன்னைக்கு நம்ம ஊர் சிடி. எல்லாமே தேடினது அதே சாம்பலைத்தான். சாம்பலை எண்ண நல்ல மெஷின் வந்துடுச்சு. நெருப்பை அணைக்கிற வேலைக்கு மெஷின் கிடையாது: பீடி சிகரெட்டை விடறது, பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள்ள வைக்கிறது, தினம் அரை மணி நேர நடை, தேவைப்பட்டா மாத்திரையை நிறுத்தாம சாப்பிடறது. ஸ்கோர் 0 வந்தாலும், 400 வந்தாலும் இந்தப் பட்டியல் மாறாது.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க. ரிப்போர்ட்டைப் பொதுவுல போடாதீங்க. உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்டுல 40 தாண்டின ஒருத்தருக்காவது இதை வாசிச்சுக் காட்டுங்க.